கலர் பெட்டிக்குப் பின்னால் இருந்தவர்

எங்கள் பட்டறையில் செய்வதற்குப் பதினோரு பேர் இருந்தோம். உடைப்பதற்கு ஒருவர் இருந்தார். அந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயரை எழுதும் யோக்கியதை எனக்குப் போய்விட்டது. அக்கா என்றே சொல்கிறேன். பட்டறையில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட.

மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் பட்டறை. கல்லூரி லேப், மருந்து கம்பெனி, தண்ணீர் சோதிக்கிற இடம், இவற்றுக்கெல்லாம் வேண்டிய கண்ணாடிச் சாமான்கள் செய்கிறோம். சின்னச் சாமான் எல்லாம் கைவேலை. பர்னர் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி டியூபைத் தீயில் உருட்டிக்கொண்டே வாயால் ஊதி வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். பெரிய சாமான் எல்லாம் லேத்தில் ஓடும். இரும்புப் பட்டறை லேத் மாதிரியேதான் இருக்கும். ஆனால் இதில் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றும், நடுவில் தீ. கண்ணாடி பாகு பதத்துக்கு வரும்போது ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஊத வேண்டும். நான் லேத் ஆள். இருபது வருடத்துக்குப் பக்கமாக ஊதிக்கொண்டிருக்கிறேன்.

தீயில் வாட்டிய கண்ணாடி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் சீக்கிரம் ஆறியிருக்கும், இன்னொரு பக்கம் மெதுவாக ஆறியிருக்கும், உள்ளுக்குள் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியே ஒரு மாதம் இருக்கும், ஒரு வருடம் இருக்கும். பிறகு ஒரு நாள் படாரென்று போய்விடும். அது நடக்கக் கூடாது என்றுதான் செய்த சாமானை எல்லாம் ஓவனில் அடுக்கி, மறுபடி சூடேற்றி, மறுநாள் வரைக்கும் மெல்ல ஆற விடுவோம். சரியாக ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் கலர் பெட்டி. ஒரு விளக்கு, அதன் முன்னால் வெளிச்சத்தை வடிகட்டும் ஒரு தகடு, கண் வைக்கும் இடத்தில் இன்னொரு தகடு. நடுவில் சாமானைப் பிடித்துத் திருப்பினால் நல்ல கண்ணாடி ஒரே சீராக ஊதாவாகத் தெரியும். இழுவை இருக்கிற இடத்தில் மட்டும் நீலமும் மஞ்சளும் கிளம்பும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்த அழகு வந்தால் சாமான் போச்சு.

அக்காவின் இடம் அந்தப் பெட்டிக்குப் பின்னால். ஒரு ஸ்டூல், ஒரு வைரப் பேனா, பக்கத்தில் ஒரு தகர டிரம். சாமான் சரி என்றால் வைரப் பேனாவால் கழுத்தில் ஒரு சின்ன டிக் கீறுவார். இல்லை என்றால் “கலர் கீது” என்பார். அடுத்த சத்தம் டிரம்முக்குள் கேட்கும்.

மற்ற பட்டறைகளில் இப்படிச் செய்ய மாட்டார்கள். கலர் தெரிந்த சாமானில் சாக்பீஸ் போட்டு ஓரமாக வைப்பார்கள், மறுபடி ஓவனில் ஏற்றலாம் என்று. நானும் இந்தப் பட்டறைக்கு வந்த புதிதில் அதைச் சொல்லிப் பார்த்தேன்.

“ஓவன்ல இன்னொருவாட்டி வெச்சா சரியாப் பூடும்க்கா. எதுக்கு ஒடைக்கிற?”

“வெப்பியா?”

“வெப்பேன்.”

“இன்னிக்கு வெப்ப. நாளிக்கு ஆர்டரு தலைக்கு மேல கீதுன்னு ஓரத்துல கெடக்கும். நாளானிக்கு எவனாவது நல்ல சாமானோட சேத்து பொட்டில போட்டுருவான். ஓரமா வெச்சது என்னிக்கினா ஒரு நா வண்டி ஏறிடும் தம்பி. ஒடச்சது ஏறாது.”

அவரை விட்டுத் தள்ளியிருந்தவர்களும் உண்டு, என்னைப் போல ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஒட்டிக்கொண்டதற்குச் சாப்பாடும் ஒரு காரணம். பட்டாபிராமிலிருந்து காலை ரயிலில் வருவார். டிபன் பாக்ஸின் அடித்தட்டில் எப்போதும் மீன் இருக்கும். என் சாமானை உடைத்த அன்று மதியம் என் மூடியில் ஒரு துண்டு மீன் வந்து விழும். என்னைப் பார்க்கவும் மாட்டார், சமாதானமாக ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். பெரிய சாமானை உடைத்திருந்தால் துண்டும் பெரியதாக இருக்கும். இதைச் சொல்லி நாங்கள் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்வோம்.

முதலாளிக்கு வரைவதில் பைத்தியம். கம்ப்யூட்டரில் ஏதாவது புது வடிவம் போட்டுக்கொண்டே இருப்பார். ஒருமுறை, ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஒரு கண்டென்சர் வரைந்தார். சுருளுக்குள் சுருள், இரண்டிலும் தண்ணீர் ஓடும். பர்னரில் மூத்த ஆள் எட்டு நாள் குனிந்து உட்கார்ந்து அதைச் செய்தார். ஓவனிலிருந்து எடுத்த அன்று அக்கா லீவு. மறுநாள் ஒரு பெரிய கல்லூரியிலிருந்து பேராசிரியை ஒருவர் பார்க்க வந்தார். முதலாளி மேசையில் துணி விரித்து அதை வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா வந்தார், பையை மாட்டினார், மேசைக்குப் போனார், கண்டென்சரைத் தூக்கிக்கொண்டு தன் பெட்டிக்குப் போய்விட்டார்.

“என்னம்மா பண்றே? அவங்க பார்த்துட்டிருக்காங்க இல்ல?”

“தோ ஒரு நிமிசம் சார்.” திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள் சுருளு ஒட்டுன எடத்துல கலர் கீது.”

டிரம். எட்டு நாள் வேலை ஒரு நொடியில் போனது. செய்தவர் பர்னரை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். முதலாளியின் முகத்தைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது. அந்தப் பேராசிரியைதான் முதலில் பேசினார். முதலாளிக்கு எதிரிலேயே உடைக்கிற ஆள் இருக்கும் இடத்தில்தான் இனிமேல் வாங்கப் போகிறேன் என்றார். அதற்குப் பிறகு முதலாளி வருகிறவர்களிடம் எல்லாம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார். செய்த மனிதர் மட்டும் அக்காவிடம் ஒரு வருடம் பேசவில்லை. மீன் துண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது ஒரு கூத்து நடந்தது. அடுக்குமாடியில் சின்ன வீடு, மாமனார் வீட்டு ஆட்கள் வேறு வந்து நிறைந்திருந்தார்கள். சமையலறையில் பெண்கள் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். உதவி செய்கிறேன் என்று உள்ளே போன அக்கா, கேஸ் டியூபைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறார். வெடிப்பு இருந்திருக்கிறது. சிலிண்டரை மூடினார், டியூபைப் பிடுங்கினார், அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்துப் போட்டுவிட்டார். எண்ணெய் காய்ந்திருக்கிறது, வடை பாதி வெந்திருக்கிறது. என் மாமியார் வாயில் கை வைத்தபடி நின்றார்.

“புதுசு வாங்கியாந்து மாட்டிட்டு அப்பால அறுக்கலாம்ல அக்கா?” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“மாட்ட மாட்ட நீ. வந்தவங்கோ போவட்டும்னுவ, அப்பால மறந்துருவ.”

அன்று ஓட்டலிலிருந்து வடை வந்தது. என் மனைவிக்கு அவர்மேல் இருந்த கோபம் தணிய ரொம்ப நாள் ஆயிற்று. எனக்கு அவர் சொன்னது உறைத்தது. நான் மறந்திருப்பேன்தான்.

புருசனையும் அப்படித்தான் விட்டார் என்று பட்டறையில் சொல்வார்கள். நானே ஒருமுறை கேட்டுவிட்டேன். நீட்டி முழக்கி எதுவும் சொல்லவில்லை. “ஒருவாட்டி கை ஓங்குச்சு. துணிய மூட்ட கட்டி வாசல்ல வெச்சிட்டேன்” என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஓங்கியதோடு சரி. மறுபடி வந்து மன்னிப்புக் கேட்டாராம், அவருடைய அம்மா வந்து காலில் விழுந்தாராம். அக்கா கதவைத் திறக்கவில்லை. அதைக் கேட்டபோது அவர் தைரியத்தை மெச்சினேன். கூடவே, இவருக்கு வேண்டியவனாக இருந்து ஒரு தவறு செய்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பயமும் வந்தது. அந்தப் பயம் வீண் போகவில்லை.

அக்காவுக்குச் சுகர் இருந்தது. மாத்திரை போடுவார், அதைப் பற்றிப் பேச மாட்டார். ஒரு காலத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு உடையும். அது பத்தாயிற்று, அதற்கும் மேலே போயிற்று. முதலாளி முதலில் ஓவனைச் சந்தேகப்பட்டார், பிறகு எங்களைச் சந்தேகப்பட்டார். என் கை கெட்டுவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதனால் ஒரு நாள் காலை, அக்காவின் ரயில் வருவதற்கு முன்னால், நான் செய்த மூன்று லிட்டர் பிளாஸ்க்கை நானே கலர் பெட்டியில் பிடித்துப் பார்த்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பொட்டுக் கலர் இல்லை, சுத்தமான ஊதா. அக்கா வந்தார், பார்த்தார், “கலர் கீது” என்றார், உடைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் லேத்தை ஓடவிட்டபடியே கத்தினேன். “எங்க கீது? எங்க கீதுன்னு காட்டுக்கா!”

அவர் கையில் மிஞ்சிய பிளாஸ்க் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று மதியம் என் மூடியில் மீன் விழவில்லை. சாயந்திரம் கிளம்பும்போது ஜெனரேட்டருக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“எனுக்கு நீலமும் மஞ்சளும் தெரிய மாட்டேங்குது தம்பி. சில நேரம் எல்லாமே ஒரே ஊதாவா கீது. சில நேரம் எல்லாத்துலயும் கலர் கீறா மாரி கீது. அதான் சந்தேகம் வந்தா ஒடச்சிடறேன்.”

“டாக்டராண்ட காட்டுனியா?”

“காட்டுனேன். கண்ணுக்குள்ள ஊசி போடறாங்கோ. வந்தாலும் வரும், வராமயும் பூடும்னாங்கோ.”

“முதலாளியாண்ட சொல்லிடுக்கா. வேற வேல குடுப்பாரு. பேக்கிங்ல ஒக்காரு.”

“சொன்னா நாளிக்கே அந்த ஸ்டூல்ல வேற ஒருத்தன் ஒக்காருவான். ஓரமா வெக்கிறவன்.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “எனுக்கு ஊட்ல யாரும் இல்ல. அந்த ஸ்டூலு ஒண்ணுதான் கீது. அத்த எடுத்துராத.”

அவர் யாரிடமும் எதையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. என் லேத்துக்கும் அவர் பெட்டிக்கும் இடையில் கை எட்டும் தூரம்தான். அன்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் சாமானைப் பெட்டியில் பிடித்துத் திருப்புவார். நான் லேத்திலிருந்து சாய்ந்து ஒரு பார்வை பார்ப்பேன். கலர் இருந்தால் தொண்டையைச் செருமுவேன். இல்லையென்றால் சும்மா இருப்பேன். “நீ பாரு, போதும். ஒடைக்கிறத நான் பாத்துக்கறேன்” என்றார்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. உடைசல் பழையபடி நூற்றுக்கு மூன்று நான்குக்கு வந்துவிட்டது. முதலாளிக்குச் சந்தோஷம். நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். என் சாமானுக்கே எத்தனையோ தடவை செருமியிருக்கிறேன். ஆனால் செய்கிறவனே தன் சாமானைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றுதான் அந்த ஸ்டூலில் வேறொரு ஆளை உட்கார வைக்கிறார்கள். அந்த ஸ்டூலில் இரண்டு வருடமாக நான்தான் உட்கார்ந்திருந்தேன். உடம்பு மட்டும் அக்காவுடையது. இது தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

மருந்து கம்பெனி ஒன்றுக்குப் பத்து லிட்டர் பிளாஸ்க் ஆறு செய்தேன். நடுவில் ஒரு கழுத்து, பக்கத்தில் ஒரு கழுத்து. உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, வேக்குவத்தில் வைத்துச் சூடேற்றுவார்கள். அதனால் வெளிக்காற்று எல்லாப் பக்கமும் அமுக்கும். இழுவை உள்ள கண்ணாடி அதைத் தாங்காது. ஆறு பிளாஸ்க்கும் ஓவனிலிருந்து வெளியே வந்தன. வண்டி வாசலில் நின்றது. அளவு பார்க்கும்போது ஒன்றில் பக்கக் கழுத்து ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. அதில் மாட்ட வேண்டிய குழாய் உட்காராது.

நேர் பண்ணுவது எனக்கு ஒரு நிமிட வேலை. கழுத்தின் அடியில் தீயைக் காட்டி, இளகியதும் லேசாகத் தள்ளினால் போதும். ஆனால் தீ பட்ட சாமான் மறுபடி ஓவனுக்குப் போயே ஆக வேண்டும். அடுத்த லோடு ஏற்றி ஓவனை மூடியாகிவிட்டது. இனிமேல் நாளைக்குத்தான். ஐந்தை அனுப்பிவிட்டு ஒன்றை நாளைக்கு அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாய்த்து விட்டாயே என்று முதலாளி ஒரு வார்த்தை கேட்பாரே என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. கையில் பிடிக்கும் சின்ன பர்னரை எடுத்தேன், நேர் பண்ணினேன், கொஞ்சம் ஆறவிட்டு அக்காவிடம் கொண்டுபோனேன்.

அக்கா பிளாஸ்க்கைத் தூக்கினார். கை கழுத்தடியில் போனதும் நின்றது.

“இன்னா, இங்க சூடு கீது?”

“வெயில்ல வெச்சிருந்தேன்க்கா.”

பெட்டியில் பிடித்துத் திருப்பினார். நான் சாய்ந்து பார்த்தேன். பக்கக் கழுத்தைச் சுற்றி மஞ்சளும் நீலமும் தெளிவாக நின்றன. அவர் எனக்காகக் காத்திருந்தார். எப்போதும் காத்திருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தார். நான் செருமவில்லை. வைரப் பேனாவை எடுத்துக் கழுத்தில் டிக் போட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். மருந்து கம்பெனியிலிருந்து ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி மேசையில் பிரித்தார்கள், உள்ளே கண்ணாடித் துண்டுகள். வேக்குவம் போட்டுச் சூடேறிக்கொண்டிருந்தபோது உள்வாங்கி வெடித்ததாம். மீட்டரைப் படிக்கக் குனிந்திருந்த ஆபரேட்டரின் முகம் முழுக்கச் சில். ஒரு கண்ணை எடுத்துவிட்டார்களாம். இன்னொரு கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார்களாம். செந்நீர்குப்பத்து ஆள், இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை என்றார்.

கண்ணாடி எங்கிருந்து முறிய ஆரம்பித்தது என்பது முறிவைப் பார்த்தால் தெரியும். ஆரம்பித்த இடம் மட்டும் வழவழவென்று இருக்கும், அங்கிருந்து கோடுகள் விரியும். வந்த துண்டில் அது பக்கக் கழுத்தின் அடியில் இருந்தது, நான் தீ காட்டிய அதே இடத்தில். லேத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கழுத்துத் துண்டை வாங்கி, டிக் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“மார்க் என்னுதுதான்.”

“கலர் இல்லையா அன்னைக்கு? பார்த்தியா இல்லையா?”

“பாத்தேன் சார். எனுக்குத் தெரியல. ரெண்டு வருசமா எனுக்குக் கலரே தெரியல.”

பர்னர்கள் இரைந்துகொண்டிருந்ததால் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. கேட்டவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்புறம் எப்படிம்மா ரெண்டு வருஷம்?” என்றார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “ஓட்டிட்டேன் சார்” என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதினாறு வருடம் உட்கார்ந்த ஸ்டூலை ஒரு தரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அன்று சாயந்திரம் வரை லேத் ஓட்டினேன். வேலையும் ஒழுங்காகத்தான் வந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். “ஆவடி பஸ் ஸ்டாண்டாண்ட வா” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பாதி வழியில் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“அன்னிக்கி கலர் இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“தீ காட்டுனியா?”

“கழுத்து சாஞ்சி இருந்துச்சு. நேர் பண்ணேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சூடு எனுக்குத் தெரிஞ்சுது” என்றார். “கண்ணாடி வெயில்ல அப்டி ஒரு எடத்துல மட்டும் சுடாது. எனுக்குத் தெரியாதா? பதினாறு வருசம் தொட்டுகினு கீறேன். ஆனா உன்ன வுட்டா எனுக்குக் கண்ணு இல்ல. சண்ட போட்டா நாளிக்கு நீ பாக்க மாட்ட. அதான் கீறிட்டேன்.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் பண்ணத நான் சொல்லிக்கறேன். நீ பண்ணத நீ சொல்லிடு. அந்தப் புள்ளயாண்ட நேரா சொல்லிடு, இன்னா?”

“சொல்றேன்க்கா.”

அப்போது அதை நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னேன். பூந்தமல்லியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறும்போதும், செந்நீர்குப்பத்தில் விலாசம் விசாரித்து நடக்கும்போதும், என்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டேதான் போனேன். மசூதிக்குப் பின்பக்கம் ஒரு மாடி வீடு. குறுகலான படி, மேலே ஒரே அறை. கதவு திறந்திருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

கட்டிலில் அந்தப் பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணிலும் கட்டு. கன்னம், மூக்கு, உதடு எல்லாம் சின்னச் சின்னத் தையல். தையல் போட்ட உதட்டை அதிகம் அசைக்காமல் பேசினான்.

“யாரு? அம்மா தண்ணி புடிக்க கீழ போயிருக்காங்கோ. ஒக்காருங்க.”

“நான் கண்ணாடிப் பட்டறைலேர்ந்து வரேம்ப்பா” என்றார் அக்கா. “அந்த பிளாஸ்க்கு செஞ்ச பட்டற.”

அவன் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினான்.

“கூட யாரு? ரெண்டு பேரு ஏறி வந்தா மாரி சத்தம் கேட்டுச்சே.”

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ, தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் கேஸ் நினைவுக்கு வந்தது, என் வேலை, என் பெண்ணின் படிப்பு, மாமியார் முகம், எல்லாம் வந்தன. அந்தப் பையனின் முகம் என் எதிரிலேயே இருந்தது. அதை மட்டும் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தெரியவில்லை. எனக்கு அது முடியவே முடியாது போல இருந்தது.

“யாரும் இல்லப்பா” என்றார். “நான் ஒருத்திதான் வந்தேன்.”

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அதைச் சொன்னார் என்று நினைத்துக்கொள்ள ரொம்ப நாள் முயன்றிருக்கிறேன். எனக்கு அவர் குரல் தெரியும். என்னை அந்த இடத்திலேயே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தெரியாமலே டிக் போட்டதைச் சொன்னார். சூடு தெரிந்ததையும் சொன்னார். என் பெயர் வரவில்லை. அவன் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. “இன்னொரு கண்ணு வரும்னு சொல்றாங்கோக்கா” என்று மட்டும் சொன்னான்.

இல்லாத ஆள் அங்கே நிற்க முடியாது. வாசலில் கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படி இறங்கினேன். பாதியில் ஒரு அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். முக்காடு நழுவியிருந்தது, மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

“எங்க ஊட்டுக்காப்பா வந்த? புள்ளயப் பாக்கவா?”

“இல்லம்மா. ஊடு மாறி ஏறிட்டேன்.”

“பரவால்ல, எல்லாருக்கும் மாறிப்பூடுது, ஒரே மாரி கட்டி வெச்சிருக்காங்கோ.” குடத்தோடு சுவரில் ஒட்டி நின்று எனக்கு வழி விட்டார். “பாத்து எறங்குப்பா. கீழ் படி பேந்து கீது, கால வெச்சிடாத.”

தண்ணீர் சிந்திய அந்தப் படிகளில், அவர் சொன்னபடியே பார்த்துப் பார்த்து இறங்கினேன்.